“அது கம்பெனி அக்ரிமென்ட், இது நம்ம அக்ரிமென்ட்”: அஸ்தம்பட்டி வீட்டு விற்பனை ஒன்று முறிந்த கதை

அக்ரிமென்ட் மொத்தம் இரண்டு தாள். இரண்டாவது தாளில், சொத்து விவரத்தின் கடைசியில் ஒரு வரி: “மேற்படி நிலத்தில் உள்ள கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும் உட்பட.” விற்பனைக்கு வந்ததோ சேலம் அஸ்தம்பட்டியில் 1,300 சதுர அடி மனையும் அதில் ஒரு மாடி வீடும். கிணறு கிடையாது, மாநகராட்சிக் குழாயும் ஒரு போர்வெல்லும்தான். வண்டித்தடம் என்று சொல்ல வீட்டு முன்னால் உள்ள சிமென்ட் ரோடு மட்டுமே. வேறு யாரோ எங்கோ தோட்டம் வாங்கியபோது அடித்த அக்ரிமென்ட், கம்ப்யூட்டர் சென்டரில் பெயரையும் தொகையையும் செக்குபந்தியையும் (நான்கு எல்லை விவரம்) மட்டும் மாற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கிணற்று வரியால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே தாளில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாமல் போன இரண்டு வரிகளால்தான் 5 லட்சம் ரூபாய் மாட்டிக்கொண்டது. வாங்க வந்தவர் தரப்பில் இதைக் கையாண்ட வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி தெரு, தொகை, தொழில் விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரச்சினையின் வடிவத்தை மாற்றவில்லை.

நடந்தது

வாங்க வந்தவர் அரசுப் பள்ளி ஆசிரியர். விற்பவருக்குச் செவ்வாய்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை. இடையில் ஒரு தரகர், நாற்பது வயதுக்காரர், பேச்சிலும் நடையிலும் நம்பிக்கை தருகிறவர். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ஏஜென்ட் பதிவு எண் அச்சாகியிருந்தது. ஆசிரியர் பின்னால் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த எண்ணைத்தான்: “கவர்மென்ட் லைசென்ஸ் வாங்கின ஆளுங்க சார், அதனாலதான் நம்பினேன்.”

விலை 46 லட்சம். தை பிறந்ததும் 5 லட்சம் அட்வான்ஸ் கைமாறியது. 90 நாளில் மீதியைக் கொடுத்துக் கிரையம். வாங்குபவர் தவறினால் அட்வான்ஸை இழக்க வேண்டும், விற்பவர் தவறினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். நம்மூர் அக்ரிமென்ட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வாசகம்தான். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யவில்லை. “எதுக்குங்க சார் வீண் செலவு, மூணு மாசத்துல கிரையமே ஆகப்போகுது” என்று தரகர் சொல்ல, இரு தரப்பும் தலையாட்டிவிட்டது. இருவரிடமும் ஆளுக்கு ஒரு சதவீதம் கமிஷன் என்று பேச்சு. அதில் பாதி அன்றைக்கே போனது.

ஆசிரியர் 30 லட்சத்துக்கு வீட்டுக் கடன் கேட்டிருந்தார். ஐந்தாவது வாரத்தில் வங்கியின் பேனல் வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியன் எல்லாவற்றையும் நிறுத்தியது. சொத்து விற்பவரின் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. அவர் உயில் எழுதாமல் காலமானார். வாரிசுச் சான்றிதழில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவியும் பிறகு காலமானார். தம்பி தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பதிவும் ஆகியிருக்கிறது. தங்கை எழுதிக் கொடுக்கவில்லை. பட்டா மட்டும் விற்பவர் பெயருக்கு மாறியிருந்தது. “கல்யாணத்துக்கு முப்பது பவுன் போட்டாச்சு, அதுக்கப்புறம் அவளுக்கு என்னங்க பங்கு” என்று விற்பவர் கேட்டார். உண்மையான திகைப்பு அது, நடிப்பில்லை. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் மகனும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. தாயும் போன பிறகு அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு தங்கைக்கு உண்டு. பட்டா யாருடைய உரிமையையும் அழிக்காது.

வங்கி கை விரித்தது. தங்கையோ கணவர் வீட்டாரோடு பேசி முடிவு சொல்வதாகச் சொல்லி நாளைக் கடத்தினார். சித்திரையில் 90 நாள் முடிந்தது. மறு வாரமே விற்பவரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது: மீதித் தொகை செலுத்தத் தவறியதால் அட்வான்ஸ் பறிமுதல்.

விற்பவரை வில்லனாக நினைக்க வேண்டாம். வாங்கிய 5 லட்சத்தை அந்த வாரமே பட்டறைக் கடனுக்குக் கட்டியிருந்தார். மூன்று மாதம் வேறு யாருக்கும் வீட்டைக் காட்டவும் இல்லை. அவர் கணக்கில் அவருக்கும் நஷ்டம்தான்.

பதிவு எண் எதுவரை பேசும்?

ஆசிரியர் முதலில் கேட்டது ரெராவில் தரகர் மேல் புகார் கொடுக்கலாமா என்றுதான். நியாயமான கேள்வி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. 10-ஆம் பிரிவு அவர் நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்கிறது: பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், வாங்குபவருக்குச் சேர வேண்டிய ஆவணமும் தகவலும் கிடைக்கச் செய்ய வேண்டும். மீறினால் 62-ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். புகார் கொடுக்கும் உரிமை தரும் 31-ஆம் பிரிவும் ஏஜென்ட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் இந்தச் சட்டம் முழுக்கத் ‘திட்டம்’ என்ற ஆணியில் தொங்குகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட, ஒரு புரமோட்டர் உருவாக்கி விற்கும் திட்டம். அங்கேதான் 13-ஆம் பிரிவு வேலை செய்யும்: விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கும் முன் எழுத்தில் அக்ரிமென்ட் போட்டுப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் அரசு வகுத்த படிவத்தில். தமிழ்நாட்டில் 2017 விதிகளோடு அந்த மாதிரி ஒப்பந்தம் இணைக்கப்பட்டிருக்கிறது. வாங்குபவர் தாமதித்தால் கட்ட வேண்டிய வட்டியும் புரமோட்டர் தாமதித்தால் கட்ட வேண்டிய வட்டியும் ஒரே விகிதம். நில உரிமையில் குறை இருந்து நஷ்டம் வந்தால் 18-ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு, காலாவதிச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்காது. கொலுசுப் பட்டறைக்காரர் தன் அப்பா வீட்டை விற்பது இந்த எதிலும் வராது. அவர் புரமோட்டர் இல்லை, அந்த வீடு திட்டமும் இல்லை.

தரகரை அழைத்துப் பேசினேன். ஓமலூர் பக்கம் அப்ரூவ்ட் சைட் விற்கத்தான் ரெராவில் பதிவு செய்தாராம். அங்கே போடும் அக்ரிமென்ட்டின் நகல் பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக, விதிகளோடு வந்த படிவம் அப்படியே. இதே மாதிரி ஒன்றை அஸ்தம்பட்டி வீட்டுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விநோதமாக இருந்தது.

“அது கம்பெனி அக்ரிமென்ட்டுங்க சார். இது நம்ம அக்ரிமென்ட்.”

இந்த விவகாரம் முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கிவிட்டது. அதே ஆள், அதே பதிவு எண், அதே சதவீதக் கமிஷன். புரமோட்டர் மனையை விற்கும்போது அரசு வகுத்த படிவம், தனியார் வீட்டை விற்கும்போது கம்ப்யூட்டர் சென்டரில் கிடைத்தது. நம் சட்டத்தில் படிவம் விற்பவரைப் பொறுத்து வருகிறது, தரகரைப் பொறுத்து வருவதில்லை.

டாலஸிலிருந்து வந்த நகல்

ஆசிரியரின் தங்கை அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் இருக்கிறார். அங்கே வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை அண்ணனுக்கு அனுப்பியிருந்தார். “ஏண்ணா, லோன் கிடைக்கலைன்னா என்ன ஆகும்னு எங்களுக்குத் தனி ஃபாரமே இருந்துச்சே, உனக்கு இல்லையா?” என்று கேட்டாராம். அந்த நகலை ஆசிரியர் என்னிடம் கொண்டுவந்தார். அதைப் படித்தது வீண்போகவில்லை.

டெக்சாஸில் கதை நேர்மாறு. அங்கே டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன், 1949-இல் அமைந்தது, உரிமம் பெற்ற தரகர்களுக்கென்று ஒப்பந்தப் படிவங்களை வெளியிடுகிறது. தன் வாடிக்கையாளருக்காக வேலை செய்யும் தரகர், அந்த வகை விற்பனைக்குப் படிவம் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். வெற்றிடங்களை நிரப்பலாம், புது ஷரத்து எழுதக் கூடாது. சிறப்புக் குறிப்புகள் என்ற பகுதியிலும் வெறும் தகவலும் வியாபார விவரமும் மட்டுமே எழுதலாம். காரணம் எளிது: ஒப்பந்த வாசகம் எழுதுவது வக்கீல் வேலை, தரகர் அதில் கை வைக்கக் கூடாது. படிவங்களைத் தயாரிக்கும் குழுவில் 13 பேர்: கமிஷன் நியமிக்கும் தரகர்கள் 6, வழக்கறிஞர் சங்கம் அனுப்பும் வழக்கறிஞர்கள் 6, பொதுமக்கள் சார்பில் ஒருவர். உரிமையாளரோ அவருடைய வக்கீலோ சொந்தமாக ஒப்பந்தம் தயாரித்துக் கொடுத்தால் தடையில்லை. தரகர் இல்லாமல் இரண்டு பேர் நேரடியாகப் பேசி முடித்தாலும் கட்டாயமில்லை. கனடாவின் கியூபெக்கிலும் ஐந்துக்கும் குறைவான குடியிருப்புகள் கொண்ட வீடுகளின் விற்பனையில் தரகர்களுக்குக் கட்டாயப் படிவங்கள் உண்டு.

அதாவது அங்கே கட்டுப்பாடு உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. புது வீடோ பழைய வீடோ, விற்பவர் கம்பெனியோ தனி ஆளோ, உரிமக்காரர் பேனா எடுத்தால் அந்தப் படிவம்தான்.

அஸ்தம்பட்டி அக்ரிமென்ட்டில் இல்லாத இரண்டும் அந்த நகலில் இருந்தன. முதலாவது, உரிமை ஆவணங்களைப் பார்த்துக் குறை சொல்ல வாங்குபவருக்கு இத்தனை நாள் என்று ஒரு வெற்றிடம். குறை தீராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு முன்பணத்தைத் திரும்பப் பெறலாம். இரண்டாவது, கடனுக்கான தனி இணைப்பு. சொத்தை வங்கி ஏற்காததால் கடன் நின்றால் வாங்குபவர் விலகலாம், பணம் திரும்பும். இவை போக, சிறு கட்டணம் கட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகும் உரிமையை வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது.

படிவத்தின் பெருமையை அளவுக்கு மீறிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. அங்கே முன்பணம் விற்பவர் கைக்குப் போவதில்லை, டைட்டில் கம்பெனி போன்ற மூன்றாம் தரப்பிடம் நிற்கிறது. உரிமைக்குக் காப்பீடு எடுக்கும் வழக்கமும் உண்டு. படிவம் பல் உள்ளதாக இருப்பது அதனால்தான். இங்கே டெக்சாஸ் படிவத்தை அச்சடித்து நீட்டியிருந்தாலும் 5 லட்சம் பட்டறைக் கடனுக்குத்தான் போயிருக்கும். திருப்பித் தர வேண்டும் என்று தாள் சொல்லும், தருவதற்குக் கையில் பணம் இருக்காது. ஆனால் ஒன்று. வாரிசுகள் யார், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று ஒரு வெற்றிடம் தாளில் இருந்திருந்தால், அதை நிரப்புவதற்காகவாவது தை மாதமே அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். வில்லங்கச் சான்றில் (ஈசி) தம்பியின் விடுதலைப் பத்திரம் இருந்தது. அதைப் பார்க்கிற யாரும், மற்ற வாரிசுகளுடையது எங்கே என்று அடுத்த நொடி கேட்க வேண்டியது. ஈசியைத் தரகரும் பார்த்திருக்கிறார். அடமானம் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

கோர்ட்டுக்குப் போயிருந்தால்

எங்கள் பக்கம் கனமான வாதங்கள் இருந்தன. பறிமுதல் என்று எழுதிவிட்டாலே முழுத் தொகையும் போய்விடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் நியாயமான இழப்பீடு மட்டுமே, எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. நஷ்டமே இல்லாத இடத்தில் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் முறையின்றி மறுக்காத வரை, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே பொறுப்பு வைக்கிறது, அதாவது பணத்தை அந்தச் சொத்திலிருந்தே மீட்கக் கேட்கலாம்.

எதிர் வாதமும் லேசானதில்லை. “சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தங்கையின் பங்கு தெரிந்திருக்கும், மறைத்ததாக எப்படிச் சொல்வீர்கள்?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கடன் கிடைத்தால்தான் கிரையம் என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை, பணம் புரட்டுவது வாங்குபவர் கவலை என்றார். இரண்டுக்கும் கோர்ட் காது கொடுக்கும்.

பதிவு செய்யாதது ஒரு தலைவலி. தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தம் கட்டாயம் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டாலும், ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரச் சொல்லிக் கேட்கும் ‘ஏற்றதை ஆற்றுக’ வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே கதவு மூடவில்லை. ஆனால் பதிவாகாத ஒப்பந்தம் ஈசியில் ஏறாது. வழக்குப் போடும் முன்பே விற்பவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால், அந்த மூன்றாம் ஆள் விஷயமே தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியதாக எளிதில் வாதிடலாம். அதோடு, வீட்டையே கேட்டு வழக்குப் போட ஆசிரியருக்கு விருப்பமில்லை. அவருக்குப் பணம் வந்தால் போதும்.

தரகர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் இருந்தது. கமிஷன் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறைபாடு என்று. அதை நோட்டீஸில் ஒரு பத்தியாக மட்டும் வைத்தேன். அந்தப் பத்திக்குத்தான் முதலில் போன் வந்தது.

முடிவு சமரசம். 5 லட்சத்தில் 50,000-ஐ விற்பவர் வைத்துக்கொண்டார், மூன்று மாதம் வீட்டை நிறுத்தி வைத்ததற்காக. மீதியை இரண்டு தவணையில் திருப்பினார். தரகர் ஆசிரியரிடம் வாங்கிய கமிஷனைக் கொடுத்துவிட்டார். ஆசிரியருக்கு 50,000 போனதில் மனக்குறைதான். நான் கணக்கைக் காட்டினேன்: கோர்ட் கட்டணம், காத்திருக்கும் வருடங்கள், அந்த நேரத்தில் ஏறும் வீட்டு விலை. ஒப்புக்கொண்டார். பிறகு விற்பவர் தன் தங்கைக்கு ஒரு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவானது. வீடு வேறொருவருக்கு, பேசியதைவிடக் கூடுதல் விலைக்குப் போனது.

ஒரு தாள்

நம்மிடம் மாதிரிப் படிவங்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பதிவுத் துறையின் இணையதளத்தில் மாதிரி ஆவணங்கள் கிடக்கின்றன, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆவண எழுத்தர்களுக்கு 1982-இலிருந்தே உரிம விதிகள் உண்டு. ஓட்டை நடுவில் இருக்கிறது. கிரையப் பத்திரம் எழுதுகிறவருக்கு உரிமம் வேண்டும், புரமோட்டர் ஒப்பந்தத்துக்குப் படிவம் வேண்டும். அட்வான்ஸ் கைமாறும் அன்றைக்குப் போடும் அக்ரிமென்ட்டை யாரும் எப்படியும் அடிக்கலாம். ஏஜென்ட் பதிவு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவு வைத்திருப்பவர் நடுவில் நிற்கும் எந்த விற்பனைக்கும், மறுவிற்பனை உட்பட, வகுத்த படிவம்தான் என்று ஆக்கினால் இந்த ஓட்டையில் பெரும்பகுதி அடைபடும். பதிவே இல்லாத தரகர்கள் வெளியே நிற்பார்கள் என்ற ஆட்சேபம் சரிதான். ஆனால் கார்டில் எண் அச்சடித்துக்கொண்டு வருபவர் அந்த எண்ணுக்குரிய நம்பிக்கையை வாங்குகிறார், விலையையும் கொடுக்கட்டுமே.

அதுவரைக்கும் என்று ஒரு தாள் தயாரித்துத் தரகரிடம் கொடுத்தேன். வாரிசுகள் யார், எல்லோரும் கையெழுத்திட்டார்களா. மூலப்பத்திரம் யார் கையில். கடன் வாங்கித்தான் கிரையமா, வங்கி சொத்தை ஏற்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும். ஆவணம் பார்க்க எத்தனை நாள். அட்வான்ஸ் யாரிடம் நிற்கும். அக்ரிமென்ட் பதிவு எந்தத் தேதியில். ஏற்காடு நிலமென்றால் கூடுதலாக ஒரு வரி: மலையிடப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி, பேச்சுவழக்கில் ஹாகா அனுமதி, வேண்டுமா, வாங்கியாயிற்றா. காபித் தோட்டத்தில் அரை ஏக்கர் வாங்கி வீடு கட்டப் போகிறவருக்கும் நம் ஆட்கள் கிணற்றுப் பாத்தியம் எழுதுகிறார்களே தவிர இதை எழுதுவதில்லை.

தரகர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். வீட்டு விற்பனைக்குப் பயன்படுத்துவதாகச் சொன்னார், பயன்படுத்தியும் வருகிறார். இரண்டு அக்ரிமென்ட்டுகளை என்னிடமே காட்ட வந்தார். ஒன்றில் ஆறு வரியும் நிரம்பியிருந்தன. இன்னொன்றில், அட்வான்ஸ் யாரிடம் நிற்கும் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. கேட்டேன்.

“அதை மட்டும் கேட்டா ஓனர் எந்திரிச்சுப் போயிடறாருங்க சார்” என்றார்.